வால்தெமோசா மடத்துப் பியானோ

ஸ்பெயின் நாட்டுக்குரிய மயோர்க்காத் தீவின் மலைப்பகுதியில் வால்தெமோசா என்றோர் ஊர் உண்டு. 1399-ஆம் ஆண்டு அரகோன் மன்னர் மார்ட்டின், அங்கிருந்த அரச மாளிகையைக் கார்த்தூசியர் சபைத் துறவியருக்கு ஈந்தார். பேச்சைக் குறைத்து, புலாலை நீக்கி, தனித்தனி அறைகளில் செபத்திலும் உழைப்பிலும் வாழும் சபை அது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மலைச்சரிவு அறிந்த இசையெல்லாம் அவர்களது மணியோசையும் நள்ளிரவுத் திருப்பாடல்களுமே. 1835-ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசு துறவுமடங்களைக் கலைத்து, அவற்றின் உடைமைகளைத் தனதாக்கிக் கொண்டபோது இவர்களும் வெளியேற்றப்பட்டனர். மருந்து காய்ச்சி விற்ற முன்னாள் துறவி ஒருவரும் கோவிற்பிள்ளை ஒருவருமே எஞ்சினர். தவத்துக்கென்று கட்டிய அறைகள் வாடகைக் குடியிருப்புகளாயின.

அத்தகைய குடியிருப்பு ஒன்றில் 1838 டிசம்பர் மாத நடுவில் ஒரு குடும்பம் வந்து இறங்கிற்று. பிரெஞ்சு நாவலாசிரியை ஜார்ஜ் சாண்ட், அவருடைய மக்கள் இருவர், அவர்களோடு போலந்து நாட்டவரான இசைமேதை பிரெடெரிக் ஷோப்பேன். ஷோப்பேனுக்கு அப்போது வயது 28. நெஞ்சு நோய்க்கு இதமான வெயிலைத் தேடி வந்தவரை அவ்வாண்டின் மழை வரவேற்றது. இருமல் முற்றவே, சயரோகம் என்ற பேச்சு பரவி, முதலில் குடியிருந்த வீட்டுக்காரர் அவர்களை வெளியேறச் சொன்னார். மடத்துக்கு வந்த பிறகும் ஊரார் நெருங்கவில்லை. மணம் புரியாமல் உடன் வாழ்ந்தவர்கள். ஞாயிறு திருப்பலிக்கும் வராதவர்கள். பின்னாளில் சாண்ட் எழுதிய மயோர்க்கா நூலில் அம்மக்களைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அதைப் படிப்போர், சாடுகிறவரும் சாடப்படுகிறவரும் ஒருவரையொருவர் முன்னரே தீர்ப்பிட்டுவிட்டவர்கள் என்பதை நினைவிற் கொள்வது நலம்.

இங்கு நமக்கு வேண்டியது அவர்களுடைய வாழ்க்கையன்று. அந்த அறையில் நின்ற பியானோ. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற பிளெயெல் தொழிற்கூடத்திலிருந்து சிறிய பியானோ ஒன்றை அனுப்பும்படி ஷோப்பேன் ஏற்பாடு செய்திருந்தார். படுக்கைவசத்தில் நீண்டு கிடக்கும் பெரிய பியானோ அன்று அது. கம்பிகள் மேலிருந்து கீழாக நிற்க, சுவரோடு சார்த்தி வைக்கத்தக்க நிமிர்ந்த வகை. கப்பலில் வந்த அக்கருவியைப் பால்மா துறைமுகத்துச் சுங்கத்தார் பிடித்து வைத்துக்கொண்டு பெருந்தொகை கேட்டனர். பேரம் பேசுவதிலேயே வாரங்கள் கழிந்தன. அதுவரை ஷோப்பேன் உள்ளூரில் கிடைத்த ஓர் எளிய பியானோவிலேயே வேலை செய்தார். 1839 ஜனவரியில்தான் பிளெயெல் பியானோ மலையேறி மடத்துக்கு வந்தது. ஜனவரி 22-ஆம் நாள், தம்முடைய 24 முன்னிசைகள் நிறைவுற்றன என்று பிளெயெலுக்கு மடல் எழுதினார். அடுத்த மாத நடுவில் தீவைவிட்டே புறப்பட்டுவிட்டார்.

பியானோவைத் திரும்ப ஏற்றிச் செல்லும் செலவை நினைத்து, அங்கேயே விற்றுவிட முடிவாயிற்று. சயரோகி தொட்ட கட்டைகள் என்று பலர் வாங்க அஞ்சினர். இறுதியில் பால்மா நகரின் வங்கியாளர் கானுட் என்பவரின் குடும்பம் அதை வாங்கிற்று. அவருடைய மனைவி பிரெஞ்சுக்காரர். ஷோப்பேனின் பெருமையை அறிந்தவர். ஆக, இன்று உலகமே போற்றும் அந்தக் கருவியும் ஒருநாள் விற்பனைக்கு வந்த பழைய பியானோதான். அதனிடம் இருந்த குறை, கருவியின் குறையன்று. அதைப் பற்றிப் பேசப்பட்ட பேச்சின் குறை.

பேச்சு திசை மாற அதிகக் காலம் பிடிக்கவில்லை. ஷோப்பேன் 1849-இல் இறந்து, அவர் புகழ் வளர வளர, எந்தக் கைபட்டதென்று வாங்க அஞ்சினார்களோ அந்தக் கைபட்டதென்பதே பெரும் விலையாயிற்று. வால்தெமோசா மடம் சுற்றுலாத் தலமானது. இரண்டாம் எண் அறையில் ஒரு பியானோ. நான்காம் எண் அறையில் ஒரு பியானோ. இரண்டையும் ஷோப்பேனுடையவை என்று காட்டி, இரு தரப்பாரும் கட்டணம் பெற்றனர். வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 2011-ஆம் ஆண்டு பால்மா நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஷோப்பேன் தங்கியது நான்காம் எண் அறையே, அங்குள்ள 6668 என்னும் எண்ணிட்ட பிளெயெல் பியானோவே அவருடையது, மற்றது அவர் தீவைவிட்டுச் சென்ற பின்னரே செய்யப்பட்டது. எத்தனையோ ஆயிரம் பேர் அந்த மற்றப் பியானோவின் முன் நின்று கண்கலங்கியிருப்பார்கள். அவர்களுடைய உருக்கம் பொய்யென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை; ஆனால் பொருள் பொய்.

பிளெயெல் வருவதற்கு முன் ஷோப்பேன் வாசித்த உள்ளூர்ப் பியானோவின் கதை இன்னும் துயரமானது. பால்மாவைச் சேர்ந்த ஹுவான் பவுசா என்னும் கைவினைஞர் செய்தது அது என்பர். முன்னிசைகளிற் சில உருவானபோது அறையிலிருந்த கருவி என்பதால், பிளெயெலைவிட இதற்கே உரிமை அதிகம் என்று வாதிடலாம். போலந்து நாட்டு இசைக்கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா அதை 1913-இல் வால்தெமோசாவிலேயே கண்டு வாங்கினார். அவர் யூத குலத்தில் பிறந்தவர். 1940-இல் நாசிகள் பாரிசுக்கு அருகிலிருந்த அவருடைய இல்லத்தைச் சூறையாடியபோது அந்தப் பியானோவும் பறிபோயிற்று. இன்று அது எங்கே உள்ளதென்று தெரியவில்லை. எங்கோ ஒரு வீட்டில், யாரென்று அறியாத கையின் கீழ், பெயரற்ற பழம்பொருளாக இன்னும் நின்றுகொண்டிருக்கவும் கூடும்.

திருச்சபைக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. புனிதர்களின் திருப்பண்டங்களை வைத்து வணிகம் பெருகிய காலத்தில், 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அவற்றை விற்பனைக்கு வைப்பதைத் தடை செய்தது. புதிதாகக் கண்டெடுக்கப்பட்டவற்றைத் திருத்தந்தையின் ஒப்புதலின்றி வணங்கக்கூடாதென்றது. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஆயரின் ஆய்வையும் ஒப்புதலையும் கட்டாயமாக்கிற்று. பக்தியைக் குறைப்பதற்காக அன்று அவ்வாறு செய்தது. மக்கள் தங்கள் அன்பை எதன்மேல் வைக்கிறார்கள் என்பதில் தனக்குப் பொறுப்பு உண்டென்று சபை உணர்ந்ததால் செய்தது. ஷோப்பேனின் இதயம் வார்சா நகரின் திருச்சிலுவை ஆலயத் தூணில் ஒரு கண்ணாடிச் சாடியில் வைக்கப்பட்டிருக்கிறது. அதையும் 2014-இல் அறிஞர்கள், சாடியைத் திறவாமலேயே, எடுத்துப் பார்த்து ஆராய்ந்தனர். மதிப்பதும் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இவ்வளவையும் நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இலண்டன் தொழிற்கூடங்கள் செய்த நிமிர்ந்த பியானோக்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தன. சென்னையின் பழைய வீடுகள், உதகை, கொடைக்கானல் மாளிகைகள், கன்னியர் மடப் பள்ளிகள் ஆகியவற்றில் அவை குடியேறின. இன்று வீடுகள் கைமாறும்போது அவையும் விலைக்கு வருகின்றன, பங்குகளுக்கும் வருகின்றன. “சாமி, இது துரைமார் வீட்டுப் பியானோ, இந்த மாதிரி மரம் இப்போது கிடைக்காது” என்று தரகர் தொடங்குவார். மெருகு ஏற்றிய முகப்பில் பித்தளை மெழுகுவத்தித் தாங்கிகள் இரண்டு மின்னும். பங்குப் பேரவையினர் மயங்கிவிடுவர். கொடுக்கப் போவதோ ஏழைகளின் காணிக்கைப் பணம். ஆதலால், அந்த மூடியைத் திறந்து உள்ளே பார்க்கக் கற்றுக்கொள்வது நம் கடமையாகிறது. உள்ளே இருப்பது ஒரு வரலாறு; அதைப் படிக்கத் தெரிந்தால் தரகரின் கதை தேவைப்படாது.

அந்த வரலாற்றைச் சற்றுச் சொல்வோம். பியானோவைப் படைத்தவர் இத்தாலியின் பதுவை நகரில் பிறந்து, பிளாரன்ஸ் நகரில் மெதிச்சி இளவரசரிடம் பணிபுரிந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி. 1700-ஆம் ஆண்டின் அரண்மனைப் பொருட்பட்டியலிலேயே அவர் செய்த கருவி குறிக்கப்பெற்றிருக்கிறது. அதற்கு முன்னிருந்த விசைக் கருவிகளில் கம்பியை ஒரு சிறு கூர் மீட்டும்; விரலை மெல்ல வைத்தாலும் ஓங்கி வைத்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்தோஃபோரி கம்பியைச் சிறு சுத்தியலால் தட்டச் செய்தார். மெல்லத் தொட்டால் மெல்லொலி. வலிந்து தட்டினால் வல்லொலி. அவர் செய்தவற்றுள் 1720, 1722, 1726-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று இன்றும் முறையே நியூயார்க், உரோமை, லைப்சிக் நகரங்களில் காக்கப்படுகின்றன.

அவருடைய கருவியில் கம்பிகள் கிடையாக இருந்தன. கீழிருந்து எழும் சுத்தியல் தட்டிவிட்டுத் தன் எடையாலேயே கீழே விழும். கம்பிகளை நிமிர்த்தி வைத்தால் இடம் மிச்சம். ஆனால் சுத்தியல் பக்கவாட்டில் சென்று தட்டவேண்டும். திரும்பி வர எடை உதவாது. நிமிர்ந்த பியானோவின் வரலாறு முழுவதும் இந்தத் திரும்புதலின் வரலாறே எனலாம். 1800-ஆம் ஆண்டையொட்டி, வியன்னாவில் மத்தியாஸ் முல்லர், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் ஆகிய இருவர், கம்பிகள் தரைவரை இறங்கும் சிறிய பியானோக்களைச் செய்தனர். ஹாக்கின்சின் கருவி ஒன்றைத் தாமஸ் ஜெபர்சன் வாங்கி, சுருதி நிற்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். ஒரு நாட்டின் குடியரசுத் தலைவரே ஏமாந்த பொருள் இது என்பதைப் பேரவையினர் அறிவது நன்று. பின்னர் இலண்டனில் இராபர்ட் வோர்னம் 1811 முதல் தாழ்வான சிறு பியானோக்களைச் செய்து, சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு சிறு துணி நாடாவையும் சேர்த்தார். பிளெயெல் தம் சிறு பியானோவுக்கு முன்மாதிரியாகக் கொண்டது வோர்னத்தின் கருவியையே. ஆகவே மயோர்க்கா மடத்துக்கு ஏறியது இந்தக் குலத்துப் பிள்ளை. இன்று நீங்கள் எந்த நிமிர்ந்த பியானோவின் மேல்மூடியைத் திறந்தாலும் சுத்தியல் ஒவ்வொன்றின் அடியிலும் அந்த நாடா தொங்குவதைக் காணலாம். அது உளுத்துத் தும்பாகக் கிடந்தால், அக்கருவியை நெடுங்காலம் எவரும் பேணவில்லை என்று பொருள்.

அடுத்து வந்தது இரும்பு. கம்பி தடித்தால் ஒலி பெருகும். ஆனால் இழுவையும் பெருகும். இக்காலத்து நிமிர்ந்த பியானோ ஒன்றில் ஏறத்தாழ 220 கம்பிகள். அவை அனைத்தும் சேர்ந்து இழுக்கும் இழுவை 16 முதல் 20 டன்வரை. அதை மரச்சட்டம் தாங்காது. 1825-இல் பாஸ்டன் நகரின் ஆல்பியஸ் பாப்காக் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1859-இல் நியூயார்க்கின் ஸ்டைன்வே தொழிற்கூடத்தார், தாழ்சுரக் கம்பிகளை மற்றவற்றின்மேல் குறுக்காக ஓட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்று, நீண்ட கம்பியின் கம்பீரத்தைக் குறுகிய பெட்டிக்குள் அடக்கினர். ஆங்கிலேயத் தொழிற்கூடங்கள் பல, பழக்கத்தை விடமாட்டாமல், நேர்க்கம்பிகளோடும் அரைகுறை இரும்போடும் இன்னும் பல்லாண்டு காலம் மலிவுப் பியானோக்களைச் செய்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒலியை அடக்கும் கம்பளித் துண்டுகள் சுத்தியலுக்கு மேலே இருக்கும். அவற்றை இயக்கும் கம்பிக்குச்சிகள் முன்புறம் வரிசையாக நிற்பதால் தொழிலாளர் அதைப் ‘பறவைக்கூண்டு’ என்பர். கம்பியின் நடுவை விட்டு ஓரத்தைத் தொடுவதால் அது ஒலியைச் சரிவர அடக்காது. சுருதி கூட்டுவதற்கும் இடைஞ்சல். நம் நாட்டில் விலைக்கு வரும் ‘துரைமார் வீட்டுப்’ பியானோக்களில் இத்தகையவை உண்டு. மேல்மூடியைத் திறந்ததும் அந்தக் கூண்டு தென்பட்டால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

கூண்டு இல்லை, கம்பிகள் குறுக்காக ஓடுகின்றன, இரும்புச் சட்டமும் முழுமையானது என்றால் மேற்கொண்டு பார்க்கலாம். முதலிற் பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. வீணைக்குப் பிரடை எப்படியோ அப்படி, பியானோவின் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முறுக்காணி உண்டு. அந்த ஆணிகள் இறங்கியிருப்பது இரும்பிலன்று; இரும்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் கடின மரப்பலகையில். அந்தப் பலகை ஆணியை இறுகப் பற்றும்வரைதான் அது பியானோ. பற்று விட்டுப் போனால், காலையில் கூட்டிய சுருதி மாலையில் இறங்கும். கோடையில் உலர்ந்து மழைக்காலத்தில் ஊறும் நம் தட்பவெப்பத்தில் அம்மரம் எளிதில் வெடிக்கிறது. பலகையை மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் கருவியின் விலையைத் தாண்டும். வெளியிலிருந்து அறிய வழிகள் உண்டு. ஆணிகள் வழக்கத்துக்கு மீறி ஆழமாக அடித்து இறக்கப்பட்டிருந்தால், ஆணிகளைச் சுற்றி ஏதோ திரவம் ஊற்றிய கறை தெரிந்தால், சில ஆணிகள் மட்டும் மற்றவற்றைவிடப் பருத்திருந்தால், யாரோ முன்னரே அந்த நோய்க்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். இறுதிச் சோதனை, சுருதி கூட்டுபவர் தம் திருகுகோலை வைத்து ஆணியைச் சற்றே திருப்பிப் பார்ப்பது. வெண்ணெயில் கத்தி போல் ஆணி திரும்பினால் எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, முதுகு. பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்ல வேண்டும். சொன்னதும் விற்பவர் முகம் மாறினால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பின்புறம் பரந்து தெரிவது நாதப்பலகை. வீணையின் குடத்துக்குரிய வேலையைச் செய்வது. ஒரு நூலைக் குறுக்கே இழுத்துப் பிடித்தால் நல்ல பலகை சற்றே வளைந்திருப்பது தெரியும். வெடிப்பு இருந்தாலே பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை; பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள் அதை விட்டு விலகாமல் ஒட்டியிருந்தால் வெடித்த பலகையும் நன்றாகவே பாடும். விலகியிருந்தால் சில சுரங்களில் தேனீ இரைவது போன்ற அதிர்வு கேட்கும். முன்புறம் கீழ்ப்பலகையைக் கழற்றினால் எலிக்கூடு, கரையான் மண், கடற்காற்றுத் தின்ற கம்பிகளின் துரு ஆகியவை வெளிப்படும். வெப்ப நாடுகளுக்கென்றே சில தொழிற்கூடங்கள் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணிகளையும் இட்டு அனுப்பின. அவற்றைக் கண்டால் மகிழலாம். சுத்தியல்களின் கம்பளியில் பூச்சி அரித்த துளைகளும் கம்பி பதிந்த பள்ளங்களும் எவ்வளவு என்று பார்க்கலாம். இவை ஓரளவு சரிசெய்யத்தக்கவை. பின் கட்டைகளை ஒவ்வொன்றாக, மெல்லவும் ஓங்கியும், விடாமல் தட்டிப் பார்ப்பது எவரும் செய்யக்கூடியதே. முகப்பிற் பொறித்த பெயரை மட்டும் பெரிதாக எண்ண வேண்டாம். அது செய்தவர் பெயராக இல்லாமல் விற்ற கடையின் பெயராக இருக்கலாம். உள்ளே சட்டத்தில் உள்ள எண்ணே சான்று. 6668 என்ற எண் வால்தெமோசாவில் சான்றாக நின்றது போல.

சுருதியைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு நாடும் நகரமும் தனக்கென ஒரு சுருதி வைத்திருந்த காலம் ஒன்றிருந்தது. 1859-இல் பிரெஞ்சு அரசு வினாடிக்கு 435 அதிர்வுகள் என்று ஓர் அளவை நிறுவிற்று. இங்கிலாந்தில் அந்நூற்றாண்டில் 450-ஐத் தாண்டியும் கூட்டினர். 1939-இல் இலண்டனில் கூடிய மாநாடு 440 என்று வகுத்தது. பழைய பியானோவை இசைக்கவையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது பெரும்பாலும் அரைச் சுரமளவு இறங்கிக் கிடக்கும். தனக்குத்தானே அது ஒத்திருக்கும். பாடற்குழுவின் ஆர்மோனியத்தோடு சேராது. ஒரே மூச்சில் 440-க்கு ஏற்றினால் துருப்பிடித்த கம்பிகள் அறும். “சுருதிதானே, கூட்டினால் சரியாகிவிடும்” என்னும் சொல்லை விலை பேசும்போது ஏற்கலாகாது. கூட்டிக் காட்டிய பிறகே விலை.

இனி, தரகர் சொல்லாத கதை. அந்தக் காலத்து நல்ல பியானோக்களின் வெண்கட்டைகள் தந்தத் தகடு போர்த்தியவை. ஒவ்வொரு கட்டையிலும் அகன்ற முன்பகுதியும் ஒடுங்கிய பின்பகுதியும் சேருமிடத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரியும். உற்றுப் பார்த்தால் மெல்லிய வரிகளும் தெரியும். வயதாக ஆக மஞ்சள் நிறம் ஏறும். ‘அசல் தந்தம்’ என்று விலையை உயர்த்துவதற்கு அதையே காட்டுவர். 19-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் உள்நாடுகளில் யானைகளைக் கொன்று எடுத்த கொம்புகள், சான்சிபார் துறைமுகத்துக்குக் காடு மலை கடந்து மனிதர் தோளில் வந்தன. அந்தத் தோள்களிற் பல, அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்களுடையவை. கொம்பும் சுமந்தவனும் சந்தையில் சேர்ந்தே விலைபோயினர். அங்கிருந்து கப்பலேறிய தந்தம் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலும் தகடாக அறுக்கப்பட்டு, குடும்பங்கள் கூடிப் பாடும் வரவேற்பறைகளைச் சென்றடைந்தது. 1888-ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அடிமைமுறையைக் கண்டித்துப் பிரேசில் ஆயர்களுக்குச் சுற்றுமடல் எழுதினார். அவ்வாண்டே அவருடைய பணிப்பின்பேரில் அல்ஜியர்ஸ் பேராயர் கர்தினால் லவிஜெரி பாரிஸ், இலண்டன், பிரசல்ஸ் நகரங்களில் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தின் கொடுமையை எடுத்துரைத்தார். அவர் பேச்சைக் கேட்டு நெஞ்சுருகி வீடு திரும்பியவர்களின் வீட்டிலும் தந்தக் கட்டைகள் இருந்திருக்கும். எவர் வாசித்தார் என்ற கதை தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. எவர் சுமந்தார் என்பதைச் சொல்ல ஒரு பெயர்கூட எஞ்சவில்லை.

ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தை நிறுத்த உலக நாடுகள் 1989-இல் உடன்பட்டன. இந்தியாவில் 1991-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், இறக்குமதியான தந்தத்தின் விற்பனையையும் தடை செய்தது. தந்தக் கட்டையுள்ள பியானோவை வாங்க எண்ணும் பங்கு, முதலில் வனத்துறையினரிடம் கேட்டறிய வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, அந்தக் கட்டைகளைப் பெருமைக்குரியவையாக மறைக்கல்விச் சிறுவர்களுக்குக் காட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. காட்டினால் முழுக் கதையையும் சொல்லிக் காட்ட வேண்டும்.

பியானோவைக் கோவிலில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22, புனித செசீலியா திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திரு இசை குறித்து வெளியிட்ட மடலில், கோவிலுக்குள் பியானோ கூடாதென்று பெயர் சொல்லியே விலக்கினார். அக்காலத்து ஐரோப்பியக் கோவில்களில் நாடக அரங்கின் இசை நுழைந்திருந்ததை அறிந்தால் அவருடைய கண்டிப்பு விளங்கும். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல், குழலார்கனுக்கு முதலிடம் தந்து, மற்ற இசைக்கருவிகள் திருவழிபாட்டுக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அந்தந்தப் பகுதியின் திருச்சபை அதிகாரத்திடம் விட்டது. நம் மக்களின் காதுக்கு ஆர்மோனியமும் தபேலாவும் வீணையும் ஏற்கெனவே செபிக்கத் தெரிந்தவை. பியானோவுக்கு உரிய இடம் பங்கு மன்றம் என்பதே நம் எண்ணம். அங்கே பிள்ளைகள் இசை பயிலவும், பாடற்குழு பல குரலில் பாடிப் பழகவும் அதனினும் நல்ல ஆசான் வேறில்லை. ஒரு சுரத்தை மெல்லத் தட்டுவதற்கும் ஓங்கித் தட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தன் விரலாலேயே ஒரு பிள்ளை முதன்முதலாகக் கேட்டறியும் நேரம், கிறிஸ்தோஃபோரி கண்ட அதே நேரந்தான். அந்தப் பேற்றை ஏழைப் பிள்ளைகளுக்கும் தரவேண்டும் என்று எண்ணுவதாலேயே, கெட்டுப்போன கருவியை அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாதென்று இவ்வளவு கவலைப்படுகிறோம்.

ஆகவே பேரவையினருக்குச் சொல்வது இது. விற்பவருக்கு வேண்டியவரல்லாத, சுருதி கூட்டத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வந்து போகும் செலவையும் கூலியையும் பங்குக் கணக்கிலிருந்தே கொடுங்கள். இருநூறு கிலோவுக்குக் குறையாத எடையை மாடியிலிருந்து இறக்கி, வண்டியேற்றி, மன்றத்தில் வைத்து, சில வாரம் அந்த இடத்துக் காற்றுக்குப் பழகவிட்டு, மீண்டும் சுருதி கூட்டும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். ஈரச்சுவரோரம் வைக்காதீர்கள்; நேர் வெயிலும் படலாகாது. அழைத்துச் சென்றவர் கீழ்ப்பலகையைக் கழற்றிப் பார்த்து, திருகுகோலை நான்கைந்து ஆணிகளில் வைத்துப் பார்த்து, தலையசைக்கும்வரை முன்பணம் ஏதும் கொடுக்க வேண்டியதில்லை.